எட்டாம் மேஜையின் தப்புகள்

மெஹருன்னிசா இப்போது ஓசூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்பிள்ளைகளுக்கு புரோகிராம் எழுதச் சொல்லித் தருகிறாள். குளோஷர் என்று ஒரு பாடம் வருமாம். அது வரும்போதெல்லாம் பிள்ளைகள் முழிக்கிறார்களாம். "நீங்க வந்து நம்ம எட்டாம் மேஜைக் கதையைச் சொல்லுங்கக்கா, ஒரே நிமிஷத்துல புரிஞ்சிடும்" என்று போனில் விடாமல் கேட்டாள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கம்பெனியில் எனக்குப் பிரிவுபசார விழா வைத்தபோதே கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தவள் நான். எழுதித் தருகிறேன், நீயே படித்துக் காட்டு என்று சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. எங்காவது பிசகியிருந்தால் மெஹர் சரி செய்துகொள்வாள்.

என் பெயர் மாதம்மா. பிறந்தது சிங்காரப்பேட்டைப் பக்கம். வீட்டுக்காரருக்கு ஜூஜுவாடியில் லாரி ஷெட்டில் வேலை கிடைத்ததால் இந்தப் பக்கம் வந்தோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் நான் வயர்க் கம்பெனியில் சேர்ந்தேன். வண்டிகளுக்குள் விளக்குக்கும் ஹாரனுக்கும் ஓடுகிற வயர்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவார்களே, அந்தக் கட்டு செய்கிற கம்பெனி. சேர்ந்த புதிதில் வயர்களின் நிறம் படிக்கவே பல மாதம் ஆனது. பச்சையில் வெள்ளைக் கோடு, வெள்ளையில் பச்சைக் கோடு இரண்டும் எனக்குக் கனவில்கூட வரும். அப்புறம் எட்டாம் மேஜை காலியானது. அங்கே போய் உட்கார்ந்தவள்தான் நான், ஓய்வு பெறும்வரை எழுந்திருக்கவில்லை.

எங்கள் லைனில் எட்டு மேஜைகள். முதல் மேஜையில் வெட்டின வயர்களை ஒரு தட்டில் பரப்புவார்கள், அந்தத் தட்டுதான் மேஜை மேஜையாக நகரும். மூன்றாம் மேஜையில் வயர் நுனியை கனெக்டருக்குள் தள்ளுவார்கள். உள்ளே 'டிக்' என்று உட்கார வேண்டும், சத்தம் வராவிட்டால் உட்காரவில்லை என்று அர்த்தம். இப்படி ஒவ்வொன்றாகத் தாண்டி கடைசியில் எட்டாம் மேஜைக்கு வந்தால், நான் கட்டு முழுவதும் கறுப்பு டேப் சுற்றுவேன். ஒரு சுற்று முந்தின சுற்றில் பாதியை மூட வேண்டும். டேப்பை இழுத்துச் சுற்றக் கூடாது. கடைசிச் சுற்றை இழுக்கவே கூடாது. வெட்டி, கட்டை விரலால் அமுக்கி விட வேண்டும். இழுத்து ஒட்டினால் எஞ்சின் சூட்டில் நுனி தூக்கிக்கொள்ளும். என்னைத் தாண்டினால் செக்கிங் மேஜை. அங்கே ரத்னா. கட்டை மெஷினில் மாட்டினால் பச்சை விளக்கு எரிய வேண்டும். அதற்கப்புறம் டேப்பையும் கையால் தடவிப் பார்ப்பாள்.

எங்கள் சூப்பர்வைசர் நஞ்சப்பா சார். ஆனேக்கல் பக்கத்துக்காரர். கன்னடத்தில் எண்ணுவார், தமிழில் பேசுவார், கோபம் வந்தால் எதிலும் பேச மாட்டார். காது மேல் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கும். லைன் தலைப்பில் ஒரு கரும்பலகை. இன்றைக்கு எந்த வண்டியின் கட்டு என்று அதில் மாடல் நம்பர் எழுதுவார். நடுப்பகலில் வேறு வண்டிக்கு ஆர்டர் வந்தால் அழித்துவிட்டு வேறு நம்பர் எழுதுவார். ஆனால் காலையில் கிளம்பின தட்டுகள் அப்போதும் நாலாம் மேஜையிலும் ஆறாம் மேஜையிலும் பாதி வேலையோடு நிற்கும். அவற்றின் மாடல் பழைய மாடல். அதனால் சார் ஒரு சட்டம் வைத்திருந்தார். முதல் மேஜையிலிருந்து ஒரு தட்டு கிளம்பும்போதே அதன் ஓரத்தில் சாக்பீஸால் மாடல் நம்பரை எழுதிவிட வேண்டும். அதற்கப்புறம் யாரும் கரும்பலகையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது.

புதிதாக வந்த தேனிக்காரப் பெண் ஒருத்தி ஒருநாள் பலகையைப் பார்த்துவிட்டு, நின்றிருந்த தட்டுகளுக்கெல்லாம் வேறு கனெக்டரை மாட்டிவிட்டாள். சார் திட்டவில்லை. அவளைப் பலகை முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார். உள்ளங்கையால் நம்பரை அழித்தார்.

"இப்ப சொல்லும்மா, உன் தட்டு எந்த மாடலு?"

அவள் வெறும் பலகையைப் பார்த்தாள். அழுகை வந்துவிட்டது.

"அளபேடம்மா, அழாதே. பலகை நம்ம கையில இல்ல. ஆபீசுல மாத்தச் சொன்னா நான் மாத்துவேன். தட்டு உன் கையில இருக்குது. உன் நம்பரு உன்கிட்ட இருக்கணும்."

சொல்லிவிட்டு அவள் கையில் ஒரு சாக்பீஸ் துண்டைக் கொடுத்தார். அவ்வளவுதான் அவர் திட்டுவது.

தப்பான கட்டு செக்கிங்கில் மாட்டினாலும் அப்படித்தான். அதை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு, தப்பு நடந்த மேஜைக்கு வருவார். நம் முன்னால் வைப்பார். கொஞ்ச நேரம் நிற்பார். போய்விடுவார். அந்த நிற்பைத் தாங்க முடியாமலேயே அடுத்த நாள் கை சுத்தமாக இருக்கும்.

நான் ஓய்வு பெறச் சில வருஷம் இருக்கும்போது கம்பெனியில் எல்லாவற்றுக்கும் ஸ்கிரீன் வைக்க ஆரம்பித்தார்கள். அந்த வேலைக்காக வந்தவள்தான் மெஹர். வேப்பனப்பள்ளிப் பெண். அவள் அத்தா மாங்காய் வியாபாரம். ஆபீசில் உட்காருகிறவர்கள் மாடியில் சாப்பிடுவார்கள். இவள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து எங்களோடு உட்காருவாள்.

செக்கிங் மேஜையில் ரத்னாவுக்கு ஒரு தொடு ஸ்கிரீன் வைத்தாள். அதில் ஒன்று முதல் எட்டு வரை எட்டுப் பொத்தான். எந்த மேஜையின் தப்போ அந்தப் பொத்தானை அமுக்கிவிட்டு, கட்டைச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். சார் கட்டை ஏந்திக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. சாயங்காலம் அவர் போனுக்கு ஒரு மெசேஜ் வரும். மேனேஜர் கேட்டபடி அதில் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: இன்றைக்கு அதிகத் தப்பு எந்த மேஜை.

ஸ்கிரீனை மாட்டின அன்றைக்கு மெஹர் என்னிடம் வந்தாள்.

"அக்கா, உங்க மேஜை நம்பரை வெச்சு டெஸ்ட் பண்ணிக்கட்டுமா? மத்தவங்க நம்பரை அமுக்கினா, ஏன் என் பேர்ல தப்பு போடறேன்னு சண்டைக்கு வர்றாங்க."

"பண்ணிக்கோ கண்ணு. எனக்கென்ன."

எட்டை அமுக்குவாள், மாடிக்கு ஓடுவாள், கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுப் படியிலிருந்தே கத்துவாள். "வந்துடுச்சுக்கா! எட்டு வந்துடுச்சு!" அவள் சந்தோஷத்தைப் பார்த்து நானும் சிரித்தேன். ஏழையோ மூன்றையோ ஒரு தடவை அமுக்கிப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதல் நாள் சாயங்காலம் மெசேஜ் வந்தது. எட்டாம் மேஜை. மறுநாளும் எட்டாம் மேஜை. அந்த வாரம் முழுவதும் எட்டாம் மேஜை. நஞ்சப்பா சார் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கையில் கட்டு எதுவும் இல்லை. சிவப்புப் பெட்டியை ஷிப்டு முடிந்ததும் வெட்டி, செம்புக்குப் போட்டுவிடுவார்கள்.

"ஏனாயித்தம்மா, என்ன ஆச்சு? கண்ணு சரியா தெரியலையா?"

"தெரியுதுங்க சார்" என்றேன். ஆனால் அன்றைக்கு ராத்திரியே ஊசியில் நூல் கோத்துப் பார்த்தேன். கோக்க முடிந்தது. இருந்தாலும் மெஷின் சொல்கிறதே. மனுஷர் என்றால் யார் மேலோ கோபத்தில் சொல்கிறார் என்று நினைக்கலாம். மெஷினுக்கு என் மேல் என்ன கோபம்?

அப்புறம் நான் சுற்றின டேப்பை நானே பிரித்துத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தேன். ஏழாம் மேஜையிலிருந்து தட்டுகள் வந்து குவிந்தன.

"என்னாக்கா, டேப்பு சுத்தறீங்களா, தாலாட்டு பாடிகினு இருக்கறீங்களா?" என்றாள் ரத்னா. வாய்தான் அவளுக்குக் கொஞ்சம் நீளம். அன்றைக்கே சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "நான் எட்டை அவ்ளோ தடவை அமுக்கின மாதிரி தெரியலக்கா. ஆனா எதை எத்தனை தடவை அமுக்கினேன்னு எனக்கு எங்க ஞாபகம் இருக்குது? கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மேனேஜர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான், குரல் உயர்த்திப் பேச மாட்டார். "வயசாகுதில்லம்மா, கஷ்டப்பட வேணாம். அடுத்த மாசத்துல இருந்து கேன்டீன் பக்கம் போட்டுடறோம். அதுக்கு முன்னாடி ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வந்துடுங்க" என்றார். சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு எதுவும் என் வாயிலிருந்து வராது.

கேன்டீன் வேலை ஒன்றும் குறைந்ததில்லை. அங்கே இருக்கிற பெண்கள் எங்களைவிடப் பாடுபடுகிறவர்கள். ஆனால் கை கெட்டுப்போனவள் என்ற பேரோடு அங்கே போகிறேன் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது. பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் ஒரு வண்டி நின்றால், அதற்குள் நான் சுற்றின டேப் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பைக்கூட எடுத்துக்கொள்கிறார்களே என்று இருந்தது. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

கண் ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் லீவு போட்டேன். அன்றைக்கு ஆள் குறைவு என்பதால் சார் என் மேஜையை மூடி, முக்காலியைக் கவிழ்த்து மேலே வைத்துவிட்டு, டேப் வேலையை ஏழாம் மேஜையோடு சேர்த்துவிட்டாராம். டாக்டர் என் கண்ணைப் பார்த்துவிட்டு, வழக்கமான கண்ணாடியே போதும் என்று அனுப்பிவிட்டார். அது எனக்கு இன்னும் துக்கமாகிவிட்டது. கண்ணும் நன்றாக இருக்கிறது என்றால் கெட்டுப்போனது என் கைதான்.

மறுநாள் காலையில் கேட்டிலேயே ரத்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நேத்து எங்க போயிருந்தீங்க?"

"கண்ணாஸ்பத்திரிக்குத்தான். உனக்குத் தெரியாதா?"

"வராமலே வந்து தப்பு பண்ணிட்டுப் போயிருக்கீங்களே! சாயங்காலம் சார் போனுக்கு மெசேஜ் வந்துச்சு. அதிகத் தப்பு எட்டாம் மேஜையாம்! முக்காலி கவுந்து கெடக்குது, அதுல யாருக்கா உக்காந்து டேப்பு சுத்தினது? பேயா?"

உள்ளே போனால் நஞ்சப்பா சார் மெஹரைக் கீழே வரவழைத்திருந்தார். அவள் மடியில் வைக்கிற கம்ப்யூட்டரைச் செக்கிங் மேஜையில் திறந்து வைத்தாள். ஸ்கிரீனில் ஒன்றை அமுக்கினாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள். இரண்டை அமுக்கினாள். மூன்றை அமுக்கினாள். அதற்குமேல் கை போகவில்லை. அப்படியே அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"யா அல்லா... எதை அமுக்கினாலும் எட்டுன்னு எழுதுதுக்கா."

நான் பக்கத்தில் போனேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"பரவால்ல கண்ணு, தண்ணி குடி."

"பரவால்லையா? உங்களைக் கேன்டீனுக்கு அனுப்பப் பார்த்தேனேக்கா! இது என்ன தப்புன்னு எனக்குத் தெரியும். காலேஜ்ல பரீட்சைக்கு வந்த கேள்வி. பதிலும் சரியா எழுதினேன்."

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. எழுந்து, அந்த அட்டைப்பெட்டி மேலேயே பேனாவால் எட்டுக் கட்டம் போட்டு எனக்கும் சாருக்கும் சொன்னாள். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன்.

ஒரு வேலைக்குப் பேர் வைத்து, எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதி வைத்தால் அது ஃபங்ஷன். கூப்பிடும்போது செய்யும், கூப்பிடாதவரை சும்மா இருக்கும். எட்டுப் பொத்தானையும் தனித்தனியாக எழுதாமல், ஓர் இடத்தில் ஒன்று முதல் எட்டு வரை நம்பரை மாற்றிக்கொண்டே எட்டுச் சுற்று விட்டு மெஹர் செய்திருக்கிறாள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பொத்தான். ஒவ்வொரு பொத்தானிடமும், "உன்னை அமுக்கினா, நம்பரைப் பார்த்து எழுது" என்று சொல்லி வைத்திருக்கிறாள். ஆனால் பொத்தான் அந்த நம்பரை அப்போதே எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. நம்பர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மட்டும்தான் பிடித்து வைத்துக்கொண்டது. எட்டுப் பொத்தானுக்கும் அதே ஓர் இடம். சுற்று முடிந்தபோது அந்த இடத்தில் எட்டு என்று நின்றுவிட்டது. அப்புறம் ரத்னா மூன்றை அமுக்கினாலும் ஐந்தை அமுக்கினாலும், அது போய்ப் பார்க்கிற இடத்தில் எட்டுதான் இருந்தது.

"பொத்தான் மேல நம்பரெல்லாம் சரியாத்தானே எழுதியிருந்துச்சு?" என்று ரத்னா கேட்டாள்.

"அது பொத்தானைச் செய்யும்போதே ஒட்டினதுக்கா. செய்யும்போது நம்பர் சரியாத்தான் இருந்துச்சு. எழுதற வேலை மட்டும் நீங்க அமுக்கும்போதுதான் நடக்குது."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. புரிந்ததை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. சாரைப் பார்த்து மெதுவாகக் கேட்டேன். "பலகையைப் பார்த்துடுச்சுங்களா சார்?"

நஞ்சப்பா சார் அன்றைக்குச் சிரித்தது மாதிரி நான் பார்த்ததே இல்லை. காது மேலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. மெஹருக்கு ஒன்றும் புரியவில்லை. சார் அவளைக் கரும்பலகை முன்னால் கூட்டிப்போய்த் தட்டுச் சட்டத்தைச் சொன்னார்.

"அப்ப சரி பண்றதும் அதேதான் சார்!" என்று மெஹர் குதித்தாள். "ஒவ்வொண்ணும் கிளம்பும்போதே அதோட நம்பரை அதுகிட்ட குடுத்துடணும்."

அதை எப்படிச் செய்தாள் என்பதுதான் பிள்ளைகளே உங்கள் பாடம். ஒரு ஃபங்ஷனுக்குள் இன்னொரு ஃபங்ஷன் எழுதினாள். வெளியில் இருக்கிறது ஒரு நம்பரை வாங்கிக்கொள்ளும். உள்ளே இருக்கிற சின்ன ஃபங்ஷனைச் செய்து பொத்தானுக்குக் கொடுக்கும். அதோடு வெளியில் இருக்கிறதன் வேலை முடிந்தது. ஆனால் சின்னது, தான் பிறந்த இடத்தில் இருந்த நம்பரை விடாமல் வைத்திருக்கும். எப்போது அமுக்கினாலும் அந்த நம்பரைத்தான் எழுதும். இப்படித் தான் பிறந்த இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போகிற ஃபங்ஷனுக்குத்தான் குளோஷர் என்று பேராம்.

"முன்ன செஞ்சது மட்டும் பிடிச்சுக்கலையா?" என்று கேட்டேன்.

"அதுவும் பிடிச்சுக்கிச்சுக்கா. எட்டும் ஒரே இடத்தைப் பிடிச்சுக்கிச்சு. இப்ப வெளி ஃபங்ஷனை ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் புதுசா ஒரு இடம் உண்டாகும். எட்டுக்கும் எட்டு இடம்."

உள்ளே இருக்கிறது வெளியில் இருப்பதைப் பார்க்கலாம், வெளியில் இருக்கிறது உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது என்றும் சொன்னாள். மேனேஜர் ரூமுக்குக் கறுப்புக் கண்ணாடி. அவருக்கு எங்கள் லைன் முழுதும் தெரியும், எங்களுக்கு அவர் தெரிய மாட்டார். அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ரூமுக்குத்தான் மெஹர் அடுத்ததாகப் போக வேண்டியிருந்தது. அவள் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வேலை நிரந்தரமாகவில்லை. நான் அவள் துப்பட்டா நுனியைப் பிடித்தேன்.

"சத்தமில்லாம சரி பண்ணிடு கண்ணு. நாளையில இருந்து சரியா வந்தா போதும். யாரு கேக்கப் போறாங்க?"

"நாளையில இருந்து சரியா வந்தா, மாதம்மா அக்காவை மிரட்டினதும் ஒழுங்காயிட்டாங்கன்னு சொல்லுவாங்க. அப்படித்தானே ஆகும்?"

நான் துப்பட்டாவை விட்டுவிட்டேன்.

"உங்க கை நல்லாத்தான் இருந்துச்சுன்னு நான்தான் போய்ச் சொல்லணும்" என்றாள். கம்ப்யூட்டரை மூடி எடுத்துக்கொண்டாள். நஞ்சப்பா சார் அவள் கூடவே படியேறினார். அவர் ரூமுக்கு வெளியிலேயே நின்றதாக ரத்னா சொன்னாள். கதவு திறக்கும்வரை நான் ஒரு கட்டுக்கும் டேப் சுற்றவில்லை.

மேனேஜர் என்ன சொன்னார் என்று மெஹர் எல்லாவற்றையும் சொல்லவில்லை. காது சூடாகிறவரை பேச்சு வாங்கினாளாம். கடைசியில், இனிமேல் எதைச் செய்தாலும் எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்துவிட்டு வரச் சொன்னாராம். வேலை போகவில்லை. மத்தியானம் அவரே லைனுக்கு வந்தார். என் மேஜைக்கு எதிரில் நின்று, சாரிடம் சொல்கிற மாதிரி, "எட்டாம் மேஜை அவங்களே பார்க்கட்டும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் அதுவே சௌகரியமாக இருந்தது.

மெஹர் அன்றைக்கே பொத்தான்களைச் சரி செய்தாள். ரத்னாவை உட்கார வைத்து எட்டையும் ஒன்று விடாமல் அமுக்கச் சொன்னாள். மெசேஜையும் மாற்றினாள். அதிகத் தப்பு எந்த மேஜை என்று ஒரு வரி வருவது போய், எட்டு மேஜையும் எட்டு வரியாக வந்தது. மறுநாள் சாயங்காலம் சாரின் போனைச் சுற்றி எல்லோரும் நின்றோம். ரத்னா சத்தமாக வாசித்தாள். மூன்றாம் மேஜைக்குத்தான் அதிகம். அந்தப் பெண்கள் "ஐயோ தேவுடா" என்று தலையில் கை வைத்தார்கள்.

"எட்டாம் மேஜை?" என்று நானே கேட்டேன். அத்தனை பேர் நடுவில் நான் வாய் திறந்து கேட்டது எனக்கே ஆச்சரியம்.

"ரெண்டு."

மெஹர் முகம் சுண்டிவிட்டது. ஒன்றும் இல்லை என்று வர வேண்டும் என எனக்காக வேண்டிக்கொண்டிருந்திருப்பாள் போல. வெட்டுவதற்கு முன்னால் நான் சிவப்புப் பெட்டிப் பக்கம் போய், அந்த இரண்டு கட்டையும் ரத்னாவை எடுத்துத் தரச் சொன்னேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கிளை பிரிகிற இடத்தில் ஒரு சுற்று விட்டுப்போயிருந்தது. இரண்டிலும் அதே இடம். அவசரத்தில் நான் விடுகிற இடம்தான்.

"என்னுதுதான்" என்றேன்.

"தப்பு வந்துச்சுன்னு சிரிக்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் ரத்னா.

நான் சிரித்துக்கொண்டிருந்தது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டு கட்டையும் என் மேஜைக்கு எடுத்துப்போய், உட்கார்ந்து, டேப்பைப் பிரிக்க ஆரம்பித்தேன்.